மனச்சோர்வைக் குரலில் தேடுவதா, கேள்வியில் தேடுவதா? நான்கு வழிகளின் ஒப்பீடு

ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதை எழுதியவர் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் ஆலோசனை மையத்துக்குப் பொறுப்பான பேராசிரியை. இந்த ஆண்டு சேரும் ஆயிரம் மாணவர்களில் மனச்சோர்வால் அவதிப்படுகிறவர்களை முன்கூட்டியே அறிந்து உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். செயலியில் அரை நிமிடம் பேசினால் போதும், குரலை ஆராய்ந்து முடிவைச் சொல்லிவிடும் என்று ஒரு நிறுவனம் அவரை அணுகியிருக்கிறது. அதை வாங்குவதா, வழக்கமான வினாத்தாளையே கொடுப்பதா என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கடிதம் வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. தாயார் இறந்த பிறகு தந்தை சொந்த ஊரில் தனியாக இருக்கிறார்; தினமும் இரவில் தொலைபேசியில் பேசுகிறார்கள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டால் முன்பெல்லாம் உடனே பதில் வரும், என்ன குழம்பு, அதில் உப்பு சரியாக இருந்ததா என்பதுவரை சொல்வார். இப்போது கேள்விக்கும் "ம்… ஆச்சும்மா" என்ற பதிலுக்கும் நடுவில் ஒரு மௌனம் விழுகிறது, அது மாதத்துக்கு மாதம் நீள்கிறது என்று எழுதியிருந்தார். குரலை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் செயலி எதையாவது அப்பாவின் தொலைபேசியில் போட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி.

நான் மருத்துவர் அல்ல. பேச்சொலிப் பதிவுகளை அளந்து ஆராயும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் பார்க்கும்போது இரண்டு கடிதங்களும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் தோன்றினாலும், கேட்கும் உதவி வேறு வேறு. பேராசிரியை முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குள் தேடுகிறார். மகளோ பிறந்தது முதல் தெரிந்த ஒருவரிடம் என்ன மாறியது என்று அறிய விரும்புகிறார். குரல் முதல் வேலையில் தடுமாறுகிறது, இரண்டாவது வேலையில் நன்றாகவே கைகொடுக்கிறது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் கேட்க வேண்டியது, ஒரு முறை நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது. விளம்பரங்களில் இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குழைத்து "துல்லியம் இத்தனை சதவீதம்" என்று போடுவார்கள். அதை அப்படியே ஏற்கக் கூடாது. அடுத்தது, அந்த எண்களை எதனோடு ஒப்பிட்டுப் பெற்றார்கள் என்பது. மனநல மருத்துவர் நேரில் பேசி எடுத்த முடிவோடு ஒப்பிட்டதற்கும் மற்றொரு படிவத்தோடு ஒப்பிட்டதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மூன்றாவது, நம் மொழி பேசும், நம்மைப் போன்ற தொலைபேசி வைத்திருக்கும் மனிதர்களிடம் அது சோதிக்கப்பட்டதா என்பது. பணச் செலவும் மறைமுகச் செலவும், சேகரித்த குரல் யார் கையில் எத்தனை காலம் இருக்கும் என்பதும் அடுத்து வரும். கடைசியாக நான் வைக்கும் அளவுகோல், "இவருக்கு இருக்கலாம்" என்று முடிவு வந்தபின் மறுநாள் அவரை யார் சந்திப்பார் என்பது. வரிசையில் கடைசியாக வந்தாலும் எடையில் இதுவே முதலாவது.

## குரலில் உண்மையில் என்ன மாறுகிறது

மனச்சோர்வு குரலில் தெரியும் என்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது அன்று. ஜெர்மனியின் மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்நோயாளிகள் தாழ்ந்த குரலில், மெதுவாக, தயங்கித் தயங்கி, ஏற்ற இறக்கமின்றிப் பேசுவதையும், வாக்கியத்தின் நடுவிலேயே பேச்சை நிறுத்திவிடுவதையும் எழுதிவைத்திருக்கிறார். பேச்சு என்பது நுரையீரல் தள்ளும் காற்று, குரல்நாண்களின் இழுவிசை, நாக்கும் தாடையும் செய்யும் நுட்பமான அசைவுகள், இவற்றுக்கெல்லாம் முன்பாக அடுத்த சொல்லைத் தேடும் மூளை ஆகியவை சேர்ந்து நடத்தும் வேலை. சிந்தனையும் உடலசைவும் ஒருங்கே மந்தமாகும் நோயில் இவை எல்லாவற்றிலும் அதன் சுவடு விழுகிறது: மௌனங்கள் நீள்கின்றன, வேகம் குறைகிறது, சுருதி குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகிறது, உயிரெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரியாமல் மங்குகின்றன.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் ஒரு பதிவைத் திறந்தால் சுருதி ஒரு நீலக் கோடாகத் திரையில் ஓடும். நண்பர் ஒருவர், சிகிச்சை பெற்றுவந்த மாதங்களில், "இந்த வாரம் எப்படிப் போயிற்று?" என்ற ஒரே கேள்விக்கு வாராவாரம் பேசிப் பதிந்த பதில்களை என்னிடம் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னார். முதல் வாரங்களின் நீலக் கோடு இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போலக் கிடந்தது. கேள்வி முடிந்ததற்கும் முதல் சொல் தொடங்குவதற்கும் நடுவே ஒரு முழு மூச்சை இழுத்து விடும் அளவுக்கு வெறுமை. பிற்பகுதிப் பதிவொன்றில், அண்ணன் மகன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொல்லும் இடத்தில் கோடு சட்டென்று மேலே ஏறி இறங்கியது. அதை அவருக்குச் சுட்டிக்காட்டியபோது நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே சுவடுகளை வேறு பலவும் விட்டுச்செல்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு குரலைக் கரகரப்பாக்கி உடலையும் சோர்வாக்கும். பார்க்கின்சன் நோய் குரலைத் தணித்து ஏற்ற இறக்கத்தை அழித்துவிடும். சளி, தூக்கமின்மை, தூக்க மாத்திரை, புதிதாகப் பொருத்திய பல்செட் என்று பட்டியல் நீளும். மாறாக, பதற்றம் மிகுந்த வகை மனச்சோர்வில் பேச்சு வேகமாகவும் ஓயாமலும் வரலாம். மந்தமாகாத மனச்சோர்வைக் குரலளவு எளிதில் தவறவிடும்.

## வழி ஒன்று: ஒன்பது கேள்விப் படிவம்

பிஎச்கியூ-9 என்ற இந்தப் படிவம் 2001-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, மனந்தளர்ச்சி, தூக்கம், சோர்வு, பசி, தன்னைப் பற்றிய இழிவெண்ணம், கவனம், உடலசைவின் வேகம், இறப்பு அல்லது தன்னைத் தானே துன்புறுத்தும் எண்ணம் ஆகியவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். கட்டணமோ அனுமதியோ வேண்டியதில்லை. தமிழ் வடிவமும் உண்டு. அமெரிக்காவில் 6000 நோயாளிகளிடம் நடத்திய முதல் ஆய்வில், அவர்களில் 580 பேரை மனநல நிபுணர் தனியே விசாரித்து ஒப்பிட்டபோது, நோயுள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே அளவுதான் நின்றது.

இதன் மறைமுகச் செலவு நேர்மையான பதிலைச் சார்ந்திருப்பது. விடைத்தாள் துறைத்தலைவரின் மேசைக்குப் போகும் என்று மாணவன் நினைத்தால் ஒன்பதுக்கும் 'இல்லை' என்றே குறிப்பான். முதியவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் "இந்த வயசுல தூக்கம் எங்க வரும்?" என்று அதை நோய்க்குறியாகவே எண்ண மாட்டார்கள், சர்க்கரை நோயோ இரத்தசோகையோ உள்ளவருக்குச் சோர்வு, பசி ஆகிய கேள்விகள் மதிப்பெண்ணைக் காரணமின்றி ஏற்றிவிடும். சொல்லும் கவனிக்கத்தக்கது. நம் பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்பதைத் தேர்வுப் பயத்துக்கும் பயன்படுத்துகின்றன, மருத்துவர் சொல்லும் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகின்றன. படிவத்தின் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டால் ஒவ்வொருவரும் வேறொன்றைப் புரிந்துகொண்டு விடையளிப்பார்கள்.

ஒன்பதாவது கேள்வியை அச்சிடுகிறவர், அதற்கு 'ஆம்' என்று வரும் விடையை அன்றே படிக்கக் கடமைப்பட்டவர். நிரப்பிய படிவங்களைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த வாரம் பிரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

## வழி இரண்டு: ஒருமுறை பேசிப் பெறும் குரல் முடிவு

இந்த வகையில் வெளிவந்த பெரிய மதிப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த கின்ட்சுகி நிறுவனம் உருவாக்கிய கருவி, 25 விநாடி இயல்பான பேச்சைக் கேட்டு முடிவு சொன்னது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 14,898 பேரின் குரலை வைத்துச் செய்த மதிப்பீடு 2025 ஜனவரியில் ஒரு குடும்ப மருத்துவ இதழில் வெளியானது. பிஎச்கியூ-9 படிவத்தில் 10 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 71.3 சதவீதத்தினரைக் கருவி பிடித்தது, மற்றவர்களில் 73.5 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்த முடிவும் சொல்லாமல், மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று ஒதுக்கிவைத்தது. முப்பது விநாடிக்கும் குறைந்த பேச்சிலிருந்து இவ்வளவு எடுக்க முடிவது ஆராய்ச்சியாக உண்மையிலேயே பெரிய சாதனை.

ஆனால் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது, அந்த ஒப்பீடு எதனோடு நடந்தது என்பதை. கருவியின் விடை சரியா தவறா என்று தீர்மானித்தது பிஎச்கியூ-9 படிவமே. படிவம் மருத்துவரின் முடிவை ஊகிக்கிறது. குரல் கருவி அந்தப் படிவத்தின் விடையை ஊகிக்கிறது. ஊகத்தின் மேல் ஊகமாக வரும் பிழை இரண்டடுக்கு. படிவத்தையே கொடுத்துக் கேட்க முடிந்த இடத்தில், அதன் விடை என்னவாக இருக்கும் என்று குரலிடம் கேட்பதற்கு நியாயம் குறைவு.

ஆயிரம் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக அவர்களில் நூறு பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், கருவி யாரையும் ஒதுக்கிவைக்காமல் எல்லாருக்கும் முடிவு சொல்வதாகவும் கொள்வோம். குரல் கருவி 71 பேரைப் பிடிக்கும், 29 பேரை விட்டுவிடும். நோயில்லாத 900 பேரில் ஏறத்தாழ 239 பேரையும் சேர்த்துச் சுட்டும். ஆக 310 பேர் பட்டியலில் இருப்பார்கள், அவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூட நோய் இராது. படிவம் 88 பேரையும், தவறுதலாக 108 பேரையும், மொத்தம் 196 பேரைச் சுட்டும். ஏறத்தாழ பாதிப்பேருக்கு உண்மையில் உதவி தேவைப்படும். ஓர் ஆலோசகர் நாளைக்கு ஐந்து பேரை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினால் குரல் பட்டியலை முடிக்க 62 வேலை நாட்கள் ஆகும், படிவப் பட்டியலுக்கு நாற்பது. விலைப்பட்டியலில் இந்த 22 நாட்கள் எங்கும் வராது. 62-ஆம் நாள் வரை காத்திருக்கும் மாணவர் யார் என்பதைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

அடுத்தது பயிற்சித் தரவு, அதாவது கணினி எந்தக் குரல்களைக் கேட்டுக் கற்றது என்பது. இத்துறை ஆய்வுக்கட்டுரைகளில் மிக அதிகமாகப் பயன்பட்ட தொகுப்பு தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் இருப்பவை 189 ஆங்கில நேர்காணல்கள். கணினித் திரையில் தோன்றும் 'எல்லி' என்ற பாத்திரம் கேள்வி கேட்கும். பின்னாலிருந்து மனிதர்கள் அதை இயக்குவார்கள். 2024-இல் வந்த ஓர் ஆய்வு சங்கடமான உண்மையொன்றை எடுத்துக்காட்டியது: நோயாளியின் பேச்சையே தராமல் எல்லியின் கேள்விகளை மட்டும் கொடுத்தாலும் கணினி நன்றாகவே ஊகித்துவிட்டது. முன்பு சிகிச்சை பெற்றதுண்டா என்பதுபோன்ற தொடர் கேள்விகள் எங்கே வருகின்றன என்பதைக் கொண்டே அது விடையைக் கற்றுக்கொண்டிருந்தது. ஆகவே ஆய்வகத்தில் கிடைத்த உயர்ந்த எண்ணை யாராவது காட்டினால், பயிற்சிக்குப் பயன்பட்ட ஆட்களின் குரலே சோதனையிலும் வந்ததா, வேறெந்தக் குறிப்பையாவது கணினி பிடித்துக்கொண்டதா என்று கேளுங்கள்.

தமிழ்க் குரலுக்கு இந்த எண்கள் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. வட அமெரிக்கர்களின் மௌனமும் சுருதியும் எப்படி அமையும் என்று கற்ற கருவிக்கு, கோவைப் பக்கத்து இழுவையும் நெல்லைப் பக்கத்து வேகமும், பெரியவர் முன் குரலைத் தாழ்த்திப் பேசும் நம் பழக்கமும் புதியவை. ஆங்கிலத்தில் பேசச் சொன்னாலும் சிக்கல் தீராது. தமிழ்வழியில் படித்துவந்த முதலாண்டு மாணவி ஆங்கிலச் சொல்லைத் தேடித் தயங்கும் மௌனத்துக்கும் மனச்சோர்வின் மௌனத்துக்கும் அலையளவில் வேறுபாடு காண்பது கடினம். ஒலியை விட்டுவிட்டு, பேசிய சொற்களை எழுத்தாக்கி அவற்றின் பொருளை ஆராயும் கருவிகளும் உண்டு. அவற்றின் தேர்ச்சி பல சமயம் கூடுதலாக இருந்தாலும் மொழிக் கட்டுப்பாடு இன்னும் இறுகுகிறது, அந்தரங்கமும் இன்னும் திறந்துபோகிறது.

தொலைபேசியும் குரலை மாற்றிக் கொடுக்கும். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் கடத்தியது. ஆண்குரலின் அடிச்சுருதியோ சுமார் 100 முதல் 130 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆகவே மென்பொருள் அதை, அதன் மடங்குகளாக மேலே ஒலிக்கும் இசைவொலிகளிலிருந்து கணக்கிட்டு மீட்க வேண்டியிருக்கும். இன்றைய கைபேசிகள் மெல்லிய குரலைத் தாமாகவே உயர்த்தும், பின்னணி இரைச்சல் என்று கருதியதை வெட்டும். குரலின் தணிவே நோயின் அடையாளமாக இருக்கையில், கைபேசி அந்தத் தணிவை அழித்துவிட்டுக் கருவிக்கு அனுப்புகிறது. விலை உயர்ந்த பேசி வைத்திருக்கும் மாணவனுக்கும் பழைய பேசி வைத்திருக்கும் மாணவனுக்கும் இதனால் வேறு வேறு முடிவு வரக்கூடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், கல்வி நிலையங்களிலும் பணியிடங்களிலும் மனிதரின் உணர்வுநிலையை உடற்குறிகளிலிருந்து ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. இந்தியாவில் அப்படியொரு தடை இல்லை. ஆனாலும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொண்டு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது; முதலாண்டு வகுப்பில் 17 வயதினர் பலர் இருப்பார்கள். கசிந்த கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். கசிந்த குரலை மாற்ற வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் இவ்வழி சிறப்பாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. நோயாளிகள் நாள்தோறும் அழைக்கும் மருத்துவ உதவி மையத்தில், எல்லாரிடமும் ஒன்பது கேள்வி கேட்க நேரமில்லாத நிலையில், அழைப்பவரின் முழுச் சம்மதத்தோடு குரலைக் கேட்டு, "இவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்" என்று செவிலியருக்கு நினைவூட்டும் அளவில் பயன்படுத்தலாம். கருவியின் வேலை கேள்வி கேட்கச் சொல்வதோடு முடிந்துவிட வேண்டும்.

## வழி மூன்று: ஒருவரின் குரலை அவருடைய பழைய குரலோடு ஒப்பிடுவது

ஆளுக்கு ஆள் குரல் வேறுபடும் அளவு, நோய் உண்டாக்கும் மாற்றத்தைவிடப் பெரும்பாலும் பெரிது. இயல்பாகவே தாழ்ந்து மெதுவாகப் பேசுகிறவர் நலமாக இருக்கும்போதுகூட, படபடவென்று பேசுகிறவர் நோயுற்றிருக்கும்போது பேசுவதைவிட மெதுவாகவே பேசுவார். ஒரே ஆளின் பல பதிவுகளை வரிசையாக வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு விலகிவிடுகிறது. மொழி, வட்டார வழக்கு, வயது எல்லாம் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருப்பதால் எஞ்சுவது மாற்றம் மட்டுமே.

2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 35 நோயாளிகள் ஆறு வாரங்கள் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசினார்கள். சிகிச்சையில் தேறியவர்களின் பேச்சில் மௌனங்கள் குறைந்தன, வேகம் கூடியது, சுருதியின் ஏற்ற இறக்கம் விரிந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 57 பேரை ஏழு வார இடைவெளிகளில் நேர்கண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. நேர்கண்டவர் கேட்டு முடித்ததிலிருந்து நோயாளி பதில் சொல்லத் தொடங்கும் வரையுள்ள அந்த மௌனம், நோய் தணியத் தணியக் குறுகி ஒரே சீரானது. கேள்வி கேட்டவர்களின் குரலும் எதிரிலிருந்தவரின் நோயளவுக்கேற்ப மாறியது. தந்தையின் மௌனத்தைத் தொலைபேசியில் உணர்ந்த மகளின் காது, அந்த ஆய்வாளர்கள் அளந்ததையே அளவுகோலின்றிக் கண்டுபிடித்திருக்கிறது.

இதன் மறைமுகச் செலவு பொறுமை. நலமாக இருந்த காலத்துப் பதிவு இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இராது. ஒரே பேசி, ஒரே அறை, ஒரே வேளை, ஒரே கேள்வி என்ற ஒழுங்கு தேவை. காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் பதிந்தால் வேளையின் மாற்றத்தை நோயின் மாற்றமாக எண்ணிவிடுவோம். சம்மதத்தை ஒருமுறை வாங்கியதோடு விடாமல் அவ்வப்போது கேட்டுப் புதுப்பிக்கவும் வேண்டும். முதல்முறையாக ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று அறிய இது உதவாது. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா, தேறியவருக்கு நோய் திரும்புகிறதா என்பதை இரண்டு மருத்துவச் சந்திப்புகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் கவனிக்கவே ஏற்றது. அங்கே இதற்கு நிகரான எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## வழி நான்கு: பயிற்சி பெற்ற ஒருவர் எதிரில் அமர்ந்து கேட்பது

மேற்சொன்ன மூன்றும் வந்து சேரும் இடம் இது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே தீர்மானிக்க வேண்டும். செயலியின் மதிப்பெண் நோயறுதி ஆகாது. மனச்சோர்வின் கடுமையை மருத்துவர்கள் அளப்பதற்காக மேக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அளவையிலேயே சிந்தனையும் பேச்சும் மந்தமாவது ஓர் உருப்படியாக இடம்பெற்றிருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவர் குரலையும் கேட்கிறார், சொல்லையும் கேட்கிறார், கசங்கிய சட்டையையும் பார்க்கிறார், தைராய்டு பரிசோதனைக்கும் எழுதிக்கொடுக்கிறார்.

குறை என்னவென்றால் அத்தகைய ஆட்கள் போதாது என்பது. அதற்கும் வழி காட்டப்பட்டிருக்கிறது. கோவாவில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, படிவத்தில் 14-க்கு மேல் பெற்றவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் உதவச் செய்ததன் பலனை 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. வழக்கமான கவனிப்பைவிட அது நன்றாகவே பலித்தது. நடுவண் அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. அதில் தமிழிலும் பேசலாம்.

## நான்கும் அருகருகே

| | வினாத்தாள் | ஒருமுறைக் குரல் | தொடர் குரல் | நேர்முகம் |
|---|---|---|---|---|
| ஆகும் நேரம் | சில நிமிடங்கள் | அரை நிமிடம் | பல வாரங்கள் | அரை மணிக்கு மேல் |
| எதனோடு ஒப்பிட்டது | நிபுணரின் விசாரணை | பெரும்பாலும் வினாத்தாள் | அதே ஆளின் பழைய பதிவு | இதுவே உரைகல் |
| மறைமுகச் செலவு | அச்சத்தில் வரும் பொய்விடை | தவறான எச்சரிக்கை, குரல் தரவு, பேசிகளின் வேறுபாடு | ஒழுங்கு, பொறுமை | ஆள் பற்றாக்குறை |
| ஏற்ற இடம் | முதல் தேடல் | கேள்வி கேட்க நினைவூட்டல் | சிகிச்சையைக் கவனித்தல் | நோயறுதி |

## பேராசிரியைக்கு

செயலியை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னொரு ஆலோசகரை வாரத்துக்கு இரண்டு நாளாவது அமர்த்துங்கள். படிவத்தின் முதல் இரண்டு கேள்விகள் தனியாகவே பிஎச்கியூ-2 என்ற பெயரில் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றை முதலில் கேட்டு, ஆறுக்கு 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களிடம் மட்டும் முழுப் படிவத்தைக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு கேள்விகளில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி இராது என்பதால், யார் எப்போது வந்தாலும் ஆலோசகரைப் பார்க்கலாம் என்ற வாசலையும் திறந்தே வைக்க வேண்டும். படிவம் துறைக்குப் போகாது, மதிப்பெண்ணோடோ விடுதி ஒதுக்கீட்டோடோ சேராது என்பதை முதல் வரியிலேயே தெளிவாக எழுதுங்கள். ஒரே நாளில் ஆயிரம் பேருக்கும் கொடுக்காமல், ஒரு நாளில் சந்தித்து முடிக்கக்கூடிய அளவுக்கு வகுப்பு வகுப்பாகக் கொடுங்கள்.

## அந்த மகளுக்கு

செயலி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. தந்தையின் நாற்பது ஆண்டுக் குரல் உங்கள் நினைவில் இருக்கிறது, எந்தக் கருவியிடமும் அந்தத் தரவு இல்லை. முதலில் வேறு காரணங்களை விலக்கிக்கொள்ளுங்கள். இணையவழி அழைப்புகளில் ஒலி சென்று சேரவே சிறிது தாமதமாகும். சாதாரண அழைப்பிலும் அதே மௌனம் விழுகிறதா என்று பாருங்கள். காது மந்தமானாலும் பதில் தாமதமாகும், "என்னம்மா?" என்று திரும்பக் கேட்பதும் கூடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காது, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அந்த ஒன்பது கேள்விகளைப் படிவமாக நீட்டாமல் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பதில்கள் கவலை தந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் ஒரு சொல் வந்தாலும் ஊருக்குப் போகும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே 14416-ஐ அழையுங்கள், பக்கத்து வீட்டாரையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எப்போதும் இரவில் அழைக்கிறீர்கள். கடுமையான மனச்சோர்வு பலருக்கு விடியற்காலையில் மோசமாகவும், மாலைக்குள் சற்றுத் தணிந்தும் இருக்கும். நீங்கள் கேட்டுவருவது ஒருவேளை அவருடைய நாளின் சிறந்த குரலாக இருக்கலாம். இந்த வாரத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு அழைத்துப் பாருங்கள்.